புகழும் எழுத்தாளரின் தலைக்கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் புத்தகம் வெளிவந்தவர்கள், பெயர் கொஞ்சம் வெளியே தெரியத் தொடங்கியவர்கள், இவர்களோடு ஒரே வீட்டில் வாழ நேர்ந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிறர் எழுதிய பிரதிகளைத் திருத்தும் வேலையில் பார்த்ததையும், அப்படியே படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சில கேள்விகளுக்கு நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

புகழ் வந்தால் எழுத்தாளருக்குத் தலைக்கனம் வந்துவிடுமா?

ஏற்கெனவே இருந்தது வெளியே தெரிய ஆரம்பிக்கும் என்று சொல்வதுதான் சரி. யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் வேலையையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து, முந்நூறு பக்கத்துக்கு நான் சொல்வதைக் கேட்கட்டும் என்று நினைப்பவர்தான் புத்தகம் எழுதுகிறார். தன்மேல் கொஞ்சமாவது மோகம் இல்லாதவருக்கு இந்த எண்ணமே தோன்றாது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல், தான் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். எழுதத் தூண்டும் காரணங்கள் நான்கு என்றார். அதில் முதலாவதாக அவர் வைத்தது அப்பட்டமான தன்முனைப்பை. புத்திசாலி என்று பேர் வாங்க வேண்டும், நாலு பேர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும், செத்த பிறகும் நினைக்க வேண்டும், சின்ன வயதில் தன்னை மட்டம் தட்டிய பெரியவர்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். இந்த ஆசை தனக்கு இல்லை என்பது வெறும் பாசாங்கு என்றும் சேர்த்துச் சொன்னார்.

டால்ஸ்டாய் இன்னும் கடுமை. ஐம்பது வயதையொட்டி எழுதிய தன் வாக்குமூலத்தில், இளமையில் தான் எழுதத் தொடங்கியது வீண்பெருமையாலும் பணத்தாசையாலும் கர்வத்தாலும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். சரி, புஷ்கினைவிட, ஷேக்ஸ்பியரைவிடப் பெரிய புகழ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள், அப்புறம் என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். பதில் ஒன்றும் வரவில்லையாம். அவருடைய இரண்டு பெரிய நாவல்களும் அதற்குள் வெளிவந்துவிட்டன என்பதை மறக்காதீர்கள். புகழ் கிடைக்காத வயிற்றெரிச்சலில் கேட்ட கேள்வி இல்லை அது.

அப்படியானால் புகழ் என்னதான் மாற்றுகிறது?

எழுத்தாளரைச் சுற்றியிருப்பவர்களை மாற்றுகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் தெரியாத ஒருவரின் நாவல் பிரதி மேசைக்கு வருகிறது. பன்னிரண்டாம் அத்தியாயம் கதையை அப்படியே நிறுத்திவிடுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புகிறோம். அவருக்கு முகம் சுருங்கும். சில நாள் பேச்சு இருக்காது. அப்புறம் அவரே வந்து அந்த அத்தியாயத்தை வெட்டுவார். பல நேரம் நாம் சொன்னதைவிட நன்றாகவே வெட்டியிருப்பார்.

அதே ஆளின் ஐந்தாவது நாவல் வரும்போது நிலைமை வேறு. பிரதி முடிவதற்கு முன்பே அட்டை தயார். வெளியீட்டுத் தேதி அறிவித்தாயிற்று. பதிப்பாளர் போன் செய்து, "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க, போதும்" என்கிறார். கவனித்தீர்களா, எழுத்தாளர் வாயே திறக்கவில்லை. திருத்தாதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நின்று "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். பதிப்பாளருக்கு விற்பனை, திருத்துபவருக்கு வேலை, நண்பருக்கு நட்பு என்று ஆளுக்கொரு காரணம்.

விளைவு பக்கங்களில் தெரியும். பத்திகள் நீளும். முதல் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்த காட்சி இரண்டு பக்கம் ஓடும். மேடையில் அவர் பேசுவதையெல்லாம் பாத்திரங்களும் பேசத் தொடங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தலைக்கனம் என்கிறார்கள். எனக்கு அது பாதிதான் உண்மை என்று படுகிறது. மறுபாதி, அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல யாரும் மிச்சமில்லை என்பது.

இன்னொரு மாற்றம் உள்ளே நடக்கிறது. முன்பு எழுதும்போது மனதில் ஓடியது "இந்த வாக்கியம் சரியாக வந்திருக்கிறதா?" என்பது. இப்போது ஓடுவது "இது என் பெயருக்குத் தகுமா?" என்பது. முதல் கேள்விக்கு அந்தப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. இரண்டாவதற்கு விடை ஊர் வாயில் இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர் பக்கத்தை விட்டு எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் எழுத்தாளருக்குக் கொஞ்சம் கர்வம் வேண்டும் என்கிறார்களே?

வேண்டும். இல்லாவிட்டால் முதல் நிராகரிப்போடு மூட்டை கட்டிவிடுவார். எந்தக் கர்வம் என்பதுதான் விஷயம்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாட்டு ஒன்று இருக்கிறது, 208-ஆவது. குன்றும் மலையும் கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார் புலவர். அதியமான் அவரைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு என்றாலும் எனக்கு இனிது என்கிறார். கையில் காசில்லாத நேரத்தில் எழுந்த கர்வம் அது. அதனால் அவருக்கு நஷ்டம்தான், லாபம் இல்லை.

இதற்கு எதிர்முனையில் வால்ட் விட்மனை நிறுத்தலாம். 1855-ல் தன் கவிதைத் தொகுப்பைத் தானே வெளியிட்டார். பிறகு பெயர் போடாமல் தானே அதைப் புகழ்ந்து மதிப்புரைகள் எழுதிப் பத்திரிகைகளில் வரவழைத்தார். அன்றைய அமெரிக்காவின் பெயர்பெற்ற சிந்தனையாளர் எமர்சன் அவரைப் பாராட்டித் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது, அந்தக் கடிதத்தின் ஒரு வரி புத்தக முதுகில் தங்க எழுத்தில் மின்னியது. எமர்சனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கவிதைகளுக்கு இந்த வேலையெல்லாம் தேவையே இல்லை. அவை நிற்கக்கூடிய கவிதைகள், நின்றும்விட்டன. தற்பெருமைக்கும் திறமைக்கும் பகை என்று நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்டுவேன். இரண்டும் ஒரே ஆளிடம் சௌகரியமாகக் குடியிருக்கும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்வேன். யாருமே கவனிக்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒரு பத்தியை அவர் திரும்ப எழுதுகிறாரா? எழுதினால் அவர் கர்வம் வேலையின் மேல் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அட்டையில் தன் புகைப்படம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு மணி நேரம் விவாதித்தால், அது வேறு.

பெரிய புகழைவிடச் சின்னப் புகழ்தான் ஆளை அதிகம் ஆட்டுமாமே?

என் அனுபவத்தில் உண்மை. பெரும்புகழ் அடைந்தவர்களில் பலர் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ச் சாதாரணமாகிவிடுகிறார்கள். எங்கே போனாலும் தெரிகிறது, நிரூபிக்க ஒன்றும் இல்லை. பாதி அறைக்குத் தெரிந்து பாதி அறைக்குத் தெரியாமல் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். தெரியாத பாதியின் மேலேயே கண் இருக்கும்.

கதைத் தொகுப்பு ஒன்று அச்சாகி வந்த அன்று பாருங்கள். கையில் வாங்கியதும் பெருவிரல் நேராகப் பொருளடக்கத்துக்குப் போகும். தன் பெயர் இருக்கிறதா என்று இல்லை, இருப்பது அவருக்கே தெரியும். எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, மேலே யார், கீழே யார் என்று. பிறகு தன் கதையைப் பிரித்து, தான் எழுதியதையே முதல் முறை படிப்பவர் மாதிரி படிப்பார். மற்றவர்கள் கதை? அப்புறம், வீட்டுக்குப் போய். இதைச் செய்யாத எழுத்தாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. இது குற்றமும் இல்லை. அன்றோடு முடிந்துவிட்டால் சரி.

இவ்வளவு புகழ் பெற்றவர்கள் ஒரே ஒரு மோசமான மதிப்புரைக்கு ஏன் இப்படி உடைந்துபோகிறார்கள்?

1857-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், இங்கிலாந்தில் டிக்கன்ஸ் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். அப்போது அவருக்கு 52 வயது, தேவதைக் கதைகளால் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். அங்கே இருந்தபோது அவருடைய நாவல் ஒன்றைப் பற்றி மோசமான மதிப்புரை வந்து சேர்ந்தது. மனிதர் தோட்டத்துப் புல்தரையில் குப்புற விழுந்து அழுதார். இரண்டு வாரம் தங்குவதாக வந்தவர் ஐந்து வாரம் தங்கினார் என்பது தனிக் கதை. அவர் கிளம்பிய பிறகு, "ஆண்டர்சன் இந்த அறையில் ஐந்து வாரம் தூங்கினார், வீட்டாருக்கு அது யுகங்களாகத் தோன்றியது" என்று டிக்கன்ஸ் எழுதி அந்த அறைக் கண்ணாடியில் வைத்துவிட்டார். நட்பும் அத்தோடு சரி.

ஏன் உடைகிறார்கள்? எனக்குத் தோன்றும் காரணம், பாராட்டு பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக வருகிறது, குறை குறிப்பாக வருகிறது. "அற்புதம், பிரமாதம்" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "கடைசி நாற்பது பக்கம் அவசரத்தில் எழுதியது போல இருக்கிறது" என்பதில் இருக்கிறது. அதுவும் அந்த நாற்பது பக்கத்தை அவர் உண்மையிலேயே அவசரத்தில்தான் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். முழுக்கப் பொய்யான குறை சீக்கிரம் மறந்துபோகும். தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்த குறையை முன்பின் தெரியாத ஒருவர் அச்சில் போட்டால் அது வருஷக்கணக்கில் மனப்பாடமாக இருக்கும்.

புகழ் இந்தக் காயத்தை ஆற்றாது, பெரிதாக்கும். முன்பு அடி விழுந்தது ஒரு புத்தகத்தின் மேல். இப்போது பெயரின் மேல் விழுவதாகத் தோன்றுகிறது.

விருது கிடைத்தால் அந்தப் பசி அடங்குமா?

சில நாள் அடங்கும். அப்புறம் அதைவிடப் பெரிய விருது ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். நோபலுக்கு மேல் விருது இல்லையே என்பீர்கள். 1962-ல் ஜான் ஸ்டைன்பெக்குக்கு நோபல் கிடைத்தபோது, நீங்கள் இதற்குத் தகுதியானவர் என்று நினைக்கிறீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், இல்லை என்றார். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார், நாவல் எதுவும் வெளியிடவில்லை. பெரிய விருது சந்தேகத்தைத் தீர்க்கும் என்று நினைக்கிறோம். சிலருக்கு அது சந்தேகத்தைப் பத்து மடங்காக்குகிறது.

1969-ல் சாமுவேல் பெக்கெட்டுக்கு அறிவித்தபோது, அவர் மனைவி அதை ஒரு பேரழிவு என்றே சொன்னார். விருது வாங்க பெக்கெட் போகவில்லை, பதிப்பாளர் போய் வாங்கி வந்தார். 2007-ல் டோரிஸ் லெஸ்ஸிங் கடைக்குப் போய்விட்டு டாக்சியில் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறார், செய்தியாளர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். செய்தியைச் சொன்னதும் அவர் வாயில் வந்தது ஒரு சலிப்பு. அப்போது அவருக்கு 87 வயது. அந்த வயதில் நானாக இருந்தாலும் முதலில் பையை உள்ளே வைக்கத்தான் பார்த்திருப்பேன்.

விருதை மறுப்பதும் ஒருவகைத் தலைக்கனம்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சார்த்தர் 1964-ல் நோபலை மறுத்தார். எழுத்தாளர் தன்னை ஒரு நிறுவனமாக மாற்ற விடக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு முன்பும் அவர் அரசு மரியாதைகளை மறுத்திருக்கிறார், அதனால் காரணத்தை நம்பலாம். மறுத்ததால் அவர் பெயர் இன்னும் உரக்க ஒலித்தது என்பதும் உண்மைதான். ஒருவர் மனதுக்குள் புகுந்து பார்க்க வழியில்லை. மறுத்ததைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனை முறை தானாகவே பேசுகிறார் என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

புகழ் எழுதும் கையையே கட்டிப்போடுமா?

போட்டிருக்கிறது. ஹார்ப்பர் லீயின் முதல் நாவல் 1960-ல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. அடுத்த புத்தகம் 2015-ல்தான் வந்தது. அதுவும் முதல் நாவலுக்கு முன்பே எழுதிய பிரதி. ரால்ஃப் எல்லிசன் 1952-ல் ஒரே நாவலில் அமெரிக்க இலக்கியத்தின் உச்சிக்குப் போனார். இரண்டாவது நாவலை நாற்பது ஆண்டுகள் எழுதினார். 1994-ல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, முடிந்த நாவல் இல்லை. ஒரு தீ விபத்தில் கொஞ்சம் பக்கங்கள் போனதும் உண்டு, அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

இதைத் தலைக்கனம் என்று யாரும் சொல்வதில்லை. பணிவு என்றுதான் சொல்வார்கள். எனக்கு இதிலும் பெயரின் பாரம் தெரிகிறது. இரண்டாவது புத்தகம் முதலாவதைவிடக் கீழே போய்விடக்கூடாது என்ற பயம், தன் உயரத்தைப் பற்றிய கவலைதானே? கர்வம் எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். நடுங்கிக்கொண்டும் வரும்.

சாலிஞ்சர் வேறு வகை. 1965-க்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை, ஆனால் எழுதுவதை விடவில்லை. வெளியிடாமல் இருப்பதில் ஓர் அமைதி இருக்கிறது என்றார். அவர் ஒளிந்துகொள்ள ஒளிந்துகொள்ள அவரைத் தேடி வந்தவர்கள் எண்ணிக்கை கூடியதுதான் வேடிக்கை.

தன் எழுத்தா, தன் பெயரா, எது விற்கிறது என்று ஓர் எழுத்தாளர் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பெயரை மறைத்துப் பார்ப்பதுதான் வழி. பலர் செய்திருக்கிறார்கள்.

அந்தோணி டிரோலப்புக்கு 1860-களில் இந்தச் சந்தேகம் வந்தது. ஒரு முறை பெயர் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு சலுகை அளவுக்கு மீறி வருகிறது, திறமையுள்ள புதியவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று பட்டது. பெயர் போடாமல் நாவல் எழுதி வெளியிட்டார். வரவேற்பு சுமார்தான்.

மேலே சொன்ன டோரிஸ் லெஸ்ஸிங் 1980-களின் தொடக்கத்தில் அதையே செய்தார். ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் ஒரு நாவல் அனுப்பினார். அவர் புத்தகங்களை வழக்கமாக வெளியிடும் பதிப்பகமே அதைத் திருப்பி அனுப்பியது. வேறிடத்தில் 1983-ல் வெளிவந்தது, பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு உண்மையைச் சொன்னார். 2013-ல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதுப் பெயரில் வந்த துப்பறியும் நாவல் சில மாதங்களில் ஆயிரத்து ஐந்நூறு பிரதி அளவில் விற்றுக்கொண்டிருந்தது. எழுதியவர் ஜே.கே. ரௌலிங் என்று தெரிந்ததும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்த வரிசையில் விசித்திரமானவர் ரொமெய்ன் காரி. பிரான்சின் கோன்கூர் பரிசை ஒருவருக்கு ஒரு முறைதான் தருவார்கள். அவருக்கு 1956-ல் கிடைத்துவிட்டது. 1975-ல் எமில் அழார் என்ற பெயரில் எழுதி மறுபடியும் வாங்கினார். அழாராக நடிக்கத் தன் உறவினர் ஒருவரை அனுப்பிவைத்தார். 1980-ல் அவர் இறந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரே என்று ஊருக்குத் தெரிந்தது. தன் பெயரையே தோற்கடித்துவிட்ட சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாமல் ஐந்து ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார். அது தற்பெருமையா, தற்பெருமைக்கு எதிரான போராட்டமா? இரண்டும் என்பேன்.

நம் பக்கத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. "செம்புலப் பெயல்நீர்" என்று எழுதியவரின் பெயர் தொகுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வரியையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான்.

மிகவும் அடக்கமாகப் பேசும் எழுத்தாளர்களை நம்பலாமா?

பேச்சை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்த்துவிடலாம் என்று போன பூனையைப் போல நான் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்று அவையடக்கம் பாடிய கம்பர், அதைச் சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துக்கு மேல் விருத்தம் பாடினார். ஒரு பாட்டிலாவது தயக்கம் தெரிகிறதா? அது சபைக்குச் செய்யும் மரியாதை. மரியாதையை முடித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

இன்று மேடையில் கேட்பது வேறு ரகம். "நான் ஒன்றும் பெரிய எழுத்தாளன் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். சபையிலிருந்து "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று வர வேண்டும். வராவிட்டால் அன்று மாலை முழுக்க முகம் சரியாக இருக்காது. பெருமை என்றும் பணியும், சிறுமை தன்னை வியந்து அணிந்துகொள்ளும் என்கிறது குறள். பணிவையே நகையாக அணிந்துகொள்ளும் வித்தையை நாமாகக் கண்டுபிடித்தோம்.

இப்போதெல்லாம் எழுத்தாளரே தன்னை விளம்பரம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறதே, அதுவும் தற்புகழ்ச்சியா?

இதற்கு நன்னூல் விதியே வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. யாரும் காணாததைக் கண்டு பல துறைகளை முடித்தவராக இருந்தாலும் தன்னைத் தான் புகழ்வது தகுதியில்லை என்று முதலில் கதவைச் சாத்துகிறார். அடுத்த நூற்பாவிலேயே நான்கு ஜன்னல்களைத் திறக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது புகழ்ந்துகொள்ளலாம். தன் ஆற்றல் அறியாதவர்களிடையே புகழ்ந்துகொள்ளலாம். அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புகழ்ந்துகொள்ளலாம்.

எனக்கு இது இன்றைக்கும் நடைமுறைக்கு ஒத்துவருவதாகத்தான் படுகிறது. நிதிநல்கைக்கு விண்ணப்பம் எழுதுகிறீர்களா, புத்தகத்தின் பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறீர்களா, உங்களைத் தெரியாத கூட்டத்தில் நிற்கிறீர்களா, தாராளமாகச் சொல்லுங்கள். புத்தகம் வந்திருக்கிறது, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று பத்து முறை அறிவித்தாலும் தப்பில்லை, அது தகவல். ஏற்கெனவே உங்களைக் கொண்டாடும் கூட்டத்திடமே போய் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதற்குத்தான் பவணந்தி அனுமதி தரவில்லை.

பாயிரத்தைப் பிறர் எழுத வேண்டும் என்ற மரபும் இந்த இடத்தில்தான் வருகிறது. அதன் இன்றைய வாரிசு அணிந்துரை. "நாலு வரி நல்லதா எழுதிக் கொடுங்க, முடிஞ்சா நானே எழுதி அனுப்பிடறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால் பவணந்தி என்ன சூத்திரம் செய்திருப்பாரோ.

இணையம் இதை இன்னும் மோசமாக்கிவிட்டதா?

புதிதாக எதையும் உருவாக்கவில்லை, வேகத்தைக் கூட்டியது. விட்மன் செய்ததைச் செய்ய இன்று அச்சுக்கூடம் தேவையில்லை. 2004-ல் அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட கோளாறால், பெயர் போடாமல் மதிப்புரை எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்துவிட்டன. தன் புத்தகத்துக்குத் தானே முழு நட்சத்திரங்களும் கொடுத்துக்கொண்ட எழுத்தாளர்கள் அதில் மாட்டினார்கள்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே புதுசு: எண்ணிக்கை. முன்பு ஒரு கதை எத்தனை பேருக்குப் பிடித்தது என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அடுத்த கதையில் பாதி முடிந்திருக்கும். இப்போது பதிவிட்ட பத்தாவது நிமிடம் விருப்பக்குறிகள் வந்துவிடுகின்றன. எந்த வகை வரிக்குக் குறிகள் குவிகின்றன என்று கைக்குத் தெரிந்துவிட்டால், அந்த வகை வரிகளையே கை எழுதத் தொடங்குகிறது. இதற்குத் தலைக்கனம்கூட வேண்டியதில்லை.

சக எழுத்தாளர்மேல் பொறாமை வருகிறது. என்ன செய்வது?

வரட்டும். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பொறாமைப்படுங்கள். படிக்காமலே பட்டால் அவர் பெயர்மேல்தான் பொறாமை, எழுத்தின்மேல் இல்லை. படித்த பிறகு வரும் பொறாமையில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

என் நண்பர் எழுத்தாளர். புகழ் வந்த பிறகு அவரோடு பேசவே முடியவில்லை. எப்படிச் சொல்வது?

"உனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டுத் திருந்தியவர் யாரும் இல்லை. பொறாமையில் சொல்கிறார் என்று உங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

அவருடைய சமீபத்திய புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். பெரும்பாலான நண்பர்கள் இதைச் செய்வதே இல்லை என்பதுதான் கொடுமை. படித்துவிட்டு, பக்க எண்ணோடு இரண்டு விஷயம் சொல்லுங்கள். இந்த இடம் பிடித்தது, இந்த இடத்தில் அந்தப் பெண் அப்படிப் பேசமாட்டாள் என்று தோன்றியது, என்கிற அளவில். அவர் கோபப்படலாம். ஆனால் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார். "பிரமாதம்" என்று சொல்லும் ஐம்பது பேருக்கு நடுவில் பக்க எண் சொல்லும் ஒருவரை அவர் மறக்கமாட்டார்.

அவர் பதிலுக்கு உங்கள் வேலை, உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை என்றால், அது எழுத்தாளர் பிரச்சினை இல்லை. அந்த நட்பில் எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தலைக்கனம் பிடித்தவர் என்று தெரிந்தால் அவர் புத்தகத்தைப் படிக்க வேண்டுமா?

புத்தகம் நன்றாக இருந்தால் படியுங்கள். கையெழுத்து வாங்கப் போகாதீர்கள்.

வந்த புகழ் போய்விட்டால் என்ன ஆகும்?

ஹெர்மன் மெல்வில் 1846-ல் முதல் புத்தகத்திலேயே பெயர் வாங்கினார். ஐந்து ஆண்டு கழித்து, இன்று உலகம் கொண்டாடும் அந்தத் திமிங்கில நாவலை எழுதினார். விற்கவில்லை. அதற்குப் பிறகு பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1866-லிருந்து 19 ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்தார். கவிதைகளைச் சொந்தச் செலவில் மிகச் சில பிரதிகள் அச்சடித்துக்கொண்டார். 1891-ல் இறந்தபோது, கடைசி ஆண்டுகளில் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்த ஒரு குறுநாவல் கைப்பிரதியாகக் கிடந்தது. 1924-ல்தான் அது அச்சேறியது. இன்று அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

இதை ஆறுதல் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அது கசப்பான வாழ்க்கைதான், குடும்பத்துக்கு இன்னும் கசப்பு. புகழ் போனதும் எழுதுவதையே நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால் மெல்வில்லை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

யாராவது நேரில் பாராட்டினால் என்ன சொல்வது? ஒவ்வொரு முறையும் உளறிவிடுகிறேன்.

"நன்றி, சந்தோஷம்" போதும். "சும்மா எழுதினதுதாங்க" என்று மறுக்க வேண்டாம், அது அவருடைய ரசனையைக் குறை சொல்வது. எந்த இடம் பிடித்தது என்று துருவவும் வேண்டாம். பாதிப் பேர் வேறொருவர் எழுதிய கதையின் முடிவைச் சொல்லித்தான் பாராட்டுவார்கள். அப்போதும் பதில் அதேதான்.